சுருட்டுப் பெட்டியில் ஐந்து அமெரிக்கக் கத்திகள்: எது அசல், எது வெறும் பெயர்?

#1 மூன்றுநதி

வணக்கம். பிட்ஸ்பர்கிலிருந்து எழுதுகிறேன். இந்தப் பகுதிக்கும் புதியவன், கத்திக்கும் புதியவன்.

போன சனிக்கிழமை ஈரி போகும் வழியில் ஒரு எஸ்டேட் சேல் பார்த்து வண்டியை நிறுத்தினேன். வீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் நாற்காலி, தூண்டில், பண்டபாத்திரம் எல்லாவற்றையும் புல்தரையில் பரப்பி வைத்திருந்தார்கள். கராஜில் ஒரு சுருட்டுப் பெட்டி, உள்ளே ஐந்து மடக்குக்கத்திகள். 70 டாலர் சொன்னார்கள், 55க்கு முடிந்தது. எதற்கு வாங்கினாய் என்று மனைவி கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

1. மஞ்சள் பிடி, மூன்று அலகு. பெரிய அலகின் அடியில் 'கேஸ் எக்ஸ்எக்ஸ்', அதன்கீழ் 'யு.எஸ்.ஏ.', அதற்கும் கீழே ஏழு புள்ளி. மறுபக்கம் 3318 என்ற எண்.

2. கோடு கோடாக வெட்டிய பழுப்பு பிளாஸ்டிக் பிடி, மூன்று அலகு. 'ஷ்ரேட் யு.எஸ்.ஏ. 8ஓடி'. பிடியில் 'ஓல்ட் டைமர்' என்ற சின்னத் தகடு.

3. 'ஹாமர் பிராண்ட்'. கையில் எடுத்தால் எடையே இல்லை. பிடி தகரத்தை மடித்த மாதிரி இருக்கிறது.

4. முழுக்க எஃகு. பிடியில் 'யு.எஸ்.'. அலகில் 'காமிலஸ்', கீழே 1968. டின் திறப்பான் உண்டு.

5. சிப்பி மாதிரி மினுங்கும் பிடி. முத்திரை படிக்க முடியவில்லை. ஒரு மாதிரி வாசனை வருகிறது. இதையொட்டிக் கிடந்ததால்தானோ என்னவோ, மூன்றாவது கத்தியின் ஒரு பக்கம் மட்டும் துருவேறியிருக்கிறது.

யு.எஸ்.ஏ. என்று எழுதியிருந்தால் நல்ல கத்தி, மீதியைத் தூக்கிப் போடு என்கிறார் அலுவலக நண்பர். அவ்வளவுதானா? படமும் இணைத்திருக்கிறேன்.

#2 துருவேட்டை

ஐந்தாவதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். இப்போதே. காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

#3 சாணைக்கல்

மூன்றுநதி தம்பி, துருவேட்டை சொன்னதை முதலில் செய்யுங்கள். பிறகு உட்கார்ந்து படியுங்கள், இது கொஞ்சம் நீளம்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முத்திரையில்தான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முத்திரை இருக்கும் இடத்துக்கு டாங் என்று பெயர்: கூர் தொடங்குவதற்கு முன்னால், மூட்டுக்குள் போகும் தட்டையான அடிப்பகுதி. அங்கே எழுதியிருப்பது அந்தப் பெயருக்கு யார் சொந்தக்காரர் என்பதை மட்டும்தான் சொல்லும். செய்தது யார் என்பதை எப்போதும் சொல்லாது. நன்றாகச் செய்தாரா என்பதை ஒருபோதும் சொல்லாது.

உங்கள் பெட்டியிலேயே அதற்குச் சாட்சி மூன்றாவது கத்தி. ஹாமர் பிராண்ட் என்பது நியூயார்க் நைஃப் கம்பெனியின் முத்திரை. 1852இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வந்த கத்திக்காரர்கள் சேர்ந்து தொடங்கியது. சில வருஷத்தில் நியூயார்க் மாநிலத்தின் வால்டனுக்கு மாறினார்கள். எலும்புப் பிடி, நிக்கல் சில்வர் பூண் என்று அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கிடைத்த மிக நல்ல கத்திகளில் அவையும் சேர்த்தி. 1931இல் கம்பெனி மூடிவிட்டது. பிற்பாடு அந்தப் பெயரை ராட் ஐலண்ட் பிராவிடன்ஸில் இருந்த இம்பீரியல் வாங்கியது. இம்பீரியலின் பலம் மலிவு விலை. உள்ளே ஒரு எளிய சட்டம், வெளியே மெல்லிய தகட்டில் செய்த ஓடு, அவ்வளவுதான் பிடி. பையன்கள் கைச்செலவுக்காசில் வாங்கக்கூடிய கத்தி. அதில் தப்பொன்றும் இல்லை, லட்சக்கணக்கானவர்களின் முதல் கத்தி அதுதான். ஆனால் 'ஹாமர் பிராண்ட்' என்ற அதே பெயர்தான் இரண்டு கத்திக்கும். ஒன்றைக் கையில் எடுத்தால் கல் மாதிரி கனக்கும், மற்றது பறக்கும். உங்களுடையது பறக்கிற ரகம். சுத்த அமெரிக்கத் தயாரிப்பு! அலுவலக நண்பரிடம் காட்டுங்கள்.

முதல் கத்திக்கு வருகிறேன். கேஸ் கம்பெனி 1905இலிருந்து பென்சில்வேனியா பிராட்ஃபர்டில் இருக்கிறது, உங்களுக்கு ஒரு காலைப் பயணம்தான். 1993இல் அதே ஊர் சிப்போ லைட்டர்காரர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். கேஸ் கத்திக்குப் பஞ்சாங்கம் வேண்டாம், முத்திரையே பஞ்சாங்கம். 'கேஸ் டெஸ்டட் எக்ஸ்எக்ஸ்' என்றிருந்தால் 1920 முதல் 1940 வரை. வெறும் 'கேஸ் எக்ஸ்எக்ஸ்' என்றால் 1964 வரை. 1965 முதல் 1969 வரை கீழே யு.எஸ்.ஏ. சேர்ந்தது. 1970இல் பத்துப் புள்ளி வைத்தார்கள், அதன்பின் வருஷத்துக்கு ஒன்று குறைத்தார்கள். 1979க்கு ஒரே புள்ளி. 1980இல் மறுபடி பத்து.

ஆக ஏழு புள்ளி என்றால் 1973 அல்லது 1983. எழுத்தைப் பாருங்கள். 80களில் கேஸ் என்ற சொல்லின் எஸ் எழுத்து மின்னல் கீற்று மாதிரி கோணலாக ஒடிந்திருக்கும். 70களில் சாதாரண எஸ்.

3318இல் முதல் 3 மஞ்சள் பிடி, இரண்டாவது 3 மூன்று அலகு, 18 என்பது அச்சு எண், அதாவது கத்தியின் வடிவம். முதல் இலக்கம் 6 என்றால் எலும்பு அல்லது எலும்பு மாதிரி, 5 என்றால் மான்கொம்பு. 6254 என்று யாராவது சொன்னால் பார்க்காமலே சொல்லலாம்: எலும்புப் பிடி, இரண்டு அலகு, டிராப்பர் என்ற வகை.

எழுத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

#4 மூன்றுநதி

சாதாரண எஸ்தான், அண்ணா. அப்படியானால் 1973! என்னைவிட மூத்த கத்தி. ஐந்தாவதை எடுத்து பால்கனியில் வைத்துவிட்டேன். காரணம் சொல்லுங்கள்.

#5 துருவேட்டை

செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்த்துச் செய்வது. உங்களுக்கு வந்த வாசனையில் பாதி கற்பூரமாக இருக்கும். வருஷங்கள் போகப் போக அது சிதையத் தொடங்கி அமில வாயுவை விடும். அந்த வாயு பக்கத்தில் இருக்கும் எஃகைத் தின்னும். ஒரு செல்லுலாய்டு கத்தி ஒரு டிராயர் கத்தியைக் காலி செய்துவிடும். மூன்றாவதில் ஒரு பக்கத் துரு அதனால்தான். இன்னொன்று, தீ பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். சடாரென்று பற்றும்.

பார்க்க அழகு, பழகக் கெடுதல். சிலருக்குச் சொந்தத்திலேயே இப்படி ஆட்கள் உண்டு.

#6 ராச்செஸ்டர்மல்லி

ஐயோ. என் வீட்டுக்காரருக்கு அவருடைய பழைய மேலாளர் கொடுத்த கத்தி ஒன்று இருக்கிறது, பச்சைநிறத்தில் ஆமையோடு மாதிரி. அதை ஒரு தோலுறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறோம். பித்தளைப் பகுதி முழுக்கப் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கிறது. அதுவும் இந்த வாயுவால்தானா?

#7 சாணைக்கல்

மல்லி அம்மா, அங்கே குற்றவாளி தோலுறையாக இருக்கலாம். தோல் பதனிடும் ரசாயனமும் ஈரமும் பித்தளையில் களிம்பேற்றும். உறையில் எடுத்துப் போகலாம், உறையில் தூங்க வைக்கக் கூடாது. வெளியே எடுத்து, மூட்டில் ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டு, தனியாகக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பச்சை ஆமையோடு என்கிறீர்கள், அதுவும் செல்லுலாய்டாக இருக்க வாய்ப்புண்டு. பிடியில் நுண்ணிய விரிசல், சுருக்கம், ஒட்டுகிற தன்மை இருந்தால் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள்.

#8 நியூஜெர்சிக்காரன்

மன்னிக்கவும், நடுவில் ஒரு கேள்வி. புள்ளி எண்ணுகிறீர்கள், எழுத்து வளைவு பார்க்கிறீர்கள். நான் 15 டாலருக்கு ஒரு ரஃப் ரைடர் வாங்கினேன். சீனத் தயாரிப்பு. எலும்புப் பிடி, அலகு ஆட்டமில்லை, 'டக்' என்று திறக்கிறது. ஆப்பிள் நறுக்குகிறேன், அட்டைப்பெட்டி கிழிக்கிறேன். பத்து மடங்கு விலையில் பென்சில்வேனியா டைட்டஸ்வில் ஊர்க் கத்தி வாங்குகிறவர்கள் எதற்குப் பணம் கொடுக்கிறார்கள்? நாட்டுக்கொடிக்கா?

#9 கொல்லன்பட்டறை

நல்ல கேள்வி, கோபப்பட ஒன்றுமில்லை. ஒஹாயோவில் மெஷின் ஷாப்பில் வேலை பார்க்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இந்த வகைக் கத்தியில் பூட்டு கிடையாது. ஒரு முதுகு ஸ்பிரிங், அதில் அலகின் அடி உரசி நிற்கிறது, அவ்வளவுதான் இயந்திரம். ஸ்பிரிங் முழுக்கத் திறந்தபோதும் மூடியபோதும் முதுகோடு சமமாக இருக்க வேண்டும். பாதியில் நிற்கும் வசதி இருந்தால் அந்த நிலையிலும் சமமாக இருக்க வேண்டும். மூன்று நிலையிலும் விரலால் தடவினால் படி தட்டக் கூடாது. டாங்கை ஒரு மயிரிழை அதிகம் தேய்த்தால் ஒரு நிலை சரியாகும், இன்னொன்று கெடும். மூன்று அலகு இரண்டு ஸ்பிரிங் கொண்ட ஸ்டாக்மேன் என்ற வகையில் ஒரே ஸ்பிரிங் இரண்டு அலகுக்குச் சேவகம் செய்ய வேண்டும். இரண்டு மருமகளுக்கு ஒரு அடுப்படி மாதிரி. அதைச் சரியாகப் பொருத்துவது இன்றைக்கும் கைவேலைதான்.

சீனாவில் நல்ல கைகள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நியூஜெர்சிக்காரன் சொல்வது உண்மை: அந்த விலையில் அந்தப் பொருத்தம் ஆச்சரியம். வித்தியாசம் எஃகிலும் சூட்டுப்பதத்திலும் வரும். அவருடையதில் பெரும்பாலும் 440ஏ என்ற ஸ்டெயின்லெஸ் எஃகு இருக்கும். துருப்பிடிக்காது, சீக்கிரம் தீட்ட வரும், சீக்கிரம் மழுங்கவும் செய்யும். டைட்டஸ்வில்காரர்கள் அதிகம் போடுவது 1095. 10 என்றால் சாதா கார்பன் எஃகு, 95 என்றால் சுமார் 0.95 சதவீதம் கார்பன். குரோமியம் இல்லாததால் துருப்பிடிக்கும், ஆனால் கூர் மெல்லியதாக வரும். நம் வீட்டு அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கினால் கறுக்குமே, அதே குணம்.

அதனால் 15 டாலர் கத்தி மோசமில்லை. அது வேறு பொருள்.

#10 நியூஜெர்சிக்காரன்

இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எஃகு எது என்று வாங்கும்போது எப்படித் தெரியும்? காந்தம் வைத்துப் பார்க்கலாமா? ஸ்டெயின்லெஸ்ஸில் ஒட்டாதே.

#11 கொல்லன்பட்டறை

ஒட்டும். நம் வீட்டு எவர்சில்வர் தட்டில் ஒட்டாத காந்தம் கத்தியில் ஒட்டும். கத்திக்குப் போடும் ஸ்டெயின்லெஸ் கடினப்படுத்தக்கூடிய வேறு ரகம், காந்தத்துக்கு அதுவும் கார்பன் எஃகும் ஒன்றுதான். பழைய கத்தியானால் நிறத்தைப் பாருங்கள். கார்பன் எஃகு வருஷக்கணக்கில் பழம் நறுக்கி நீலமும் சாம்பலும் கலந்த படலம் கட்டியிருக்கும். ஸ்டெயின்லெஸ் அப்படியே வெள்ளையாக, கீறலோடு இருக்கும். புதிய கத்தியானால் எழுதியிருப்பதை நம்ப வேண்டியதுதான்.

#12 கரிசல்வெயில்

பிடி எலும்பா பிளாஸ்டிக்கா என்று பார்க்க ஊசியைப் பழுக்கக் காய்ச்சி வைத்தால் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் உருகும், எலும்பு முடி கருகிய நாற்றம் வரும். என் மாமா சொல்லிக்கொடுத்தது.

#13 துருவேட்டை

தெரிந்துவிடும், கூடவே கத்தியில் ஓட்டையும் விழுந்துவிடும். செல்லுலாய்டாக இருந்தால் மாமாவின் புருவமும் போகும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். பிடியின் ஓரத்திலும் ரிவெட்டைச் சுற்றியும் பாருங்கள். எலும்பில் ரத்தநாளம் போன இடம் சின்னச் சின்னக் கரும்புள்ளியாக, கோடாகத் தெரியும். பிளாஸ்டிக்கில் அது இருக்காது, இருபுறமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். எலும்பில் செதுக்கிய வடுக்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. சாயம் மேட்டில் வெளிறி, பள்ளத்தில் அடர்ந்து நிற்கும்.

#14 கடமான்

ஊட்டியிலிருந்து எழுதுகிறேன். மான்கொம்புப் பேச்சு வந்ததால் ஒரு விஷயம். அமெரிக்கக் கத்திகளில் ஸ்டாக் என்று உயர்வாகச் சொல்லும் பிடி பெரும்பாலும் நம் கடமானின் கொம்பு. அவர்கள் சாம்பர் என்பார்கள். மான் கொம்பை உதிர்த்துவிட்டு மறுபடி முளைக்க வைக்கும், உதிர்ந்ததைக் காட்டில் பொறுக்கி ஏற்றுமதி செய்தார்கள். கடமான் கொம்பு நடுவில் கெட்டியாக இருப்பதால் தட்டையாக அறுத்துப் பிடி போட வாகானது. 1990களின் கடைசியில் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதற்கப்புறம் நல்ல ஸ்டாக் விலை ஏறியதற்கு அது ஒரு காரணம்.

அமெரிக்காவில் வாங்கியதை ஊருக்குக் கொண்டுவந்து பரிசாகக் கொடுக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கொம்பு போன வழியிலேயே திரும்பி வந்தாலும் வழக்கு வழக்குதான்.

#15 சாணைக்கல்

இதைவிட வேடிக்கை ஒன்று. கேஸ் கத்தியின் எலும்பு பிரேசிலின் செபு எனும் திமில் மாட்டின் கால் எலும்பு. பிரேசிலின் பெரிய செபு இனத்துக்கு நெலோர் என்று பெயர். நம் நெல்லூர்தான். ஓங்கோல் மாடுகள் மதராஸ் மாகாணத்துக் கரையிலிருந்து கப்பலேறிப் போய், அங்கே பெருகி, அதன் பேரன்கள் இப்போது பிராட்ஃபர்டில் கத்திப்பிடியாகின்றன. 'பாரம்பரிய அமெரிக்கக் கத்தி' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வந்து சிரிப்பு வரும்.

தொழில் கற்றுக்கொடுத்தது ஷெஃபீல்டுக்காரர்கள் என்று மேலே சொன்னேன். இம்பீரியலைத் தொடங்கிய மிராண்டோ சகோதரர்கள் இத்தாலியில் ஃப்ரோசொலோனே என்ற கத்தி ஊரிலிருந்து வந்தவர்கள். ஆக, பிறப்பிடம் என்று நாம் தேட வேண்டியது ரத்தத்தையல்ல, பட்டறையை. இந்த அலகும் ஸ்பிரிங்கும் எந்த ஊர்ப் பட்டறையில் ஒன்றுசேர்ந்தன? அதுதான் கேள்வி.

அதற்கு முத்திரை பாதி உதவும். 1890இல் வந்த மெக்கின்லி சுங்கச் சட்டத்தால், 1891 முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும். அதனால் 'ஜெர்மனி' என்று அடித்த கத்தி அதற்குப் பிற்பட்டது. நாட்டின் பெயரே இல்லாவிட்டால் அமெரிக்கக் கத்தியாக இருக்கலாம், அதற்கு முந்தைய ஷெஃபீல்டாக இருக்கலாம், அல்லது அமிலத்தில் பொறித்த எழுத்து அழிந்துபோன நேற்றைய கத்தியாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் விலையில் எவ்வளவு வித்தியாசம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பெயர் விற்ற கதைகள் இன்னும் உண்டு. 1904இல் ஷ்ரேட் சகோதரர்கள் வால்டனில் தொடங்கிய கம்பெனி, பிறகு எலன்வில்லுக்குப் போய், கடைசியில் இம்பீரியல் ஷ்ரேட் ஆகி, 2004 ஜூலையில் மூடியது. பெயரை வேறொருவர் வாங்கினார், அதே ஓல்ட் டைமர் அதே பழுப்புப் பிடியோடு சீனாவிலிருந்து வந்தது. காமிலஸ் 2007இல் மூடியது. அந்தப் பெயரும் இன்று கடையில் தொங்குகிறது, பழைய ஆலை இல்லை. ரெமிங்டன் 1940இல் கத்தித் தொழிலை விட்டது; 1982இல் அவர்களுடைய பழைய 'புல்லட்' கத்தி (பிடியில் தோட்டா வடிவத் தகடு பதித்தது) மறுபடி வந்தபோது அதைச் செய்தது காமிலஸ். பக் கம்பெனியின் ஆரம்பகாலச் சிறு கத்திகளை ஷ்ரேடும் காமிலஸும் செய்து கொடுத்தார்கள். சியர்ஸ் கடையின் கிராஃப்ட்ஸ்மேன் கத்தியும் இப்படித்தான்.

பழகிய கண்ணுக்கு ரிவெட் இருக்கும் இடம், அலகைத் திறக்க நகம் வைக்கும் நகக்குழியின் வடிவம், சின்னத் தகட்டின் ஓரம் இவையெல்லாம் கையெழுத்து மாதிரி. பெயர் எதுவாக இருந்தாலும் ஆலை தெரிந்துவிடும்.

உங்கள் 8ஓடியில் யு.எஸ்.ஏ. இருப்பதால் அது 2004க்கு முந்தியது, எலன்வில் கத்தி. நிம்மதியாக இருங்கள்.

#16 நியூஜெர்சிக்காரன்

அப்படியானால் புதிதாக வாங்கும்போது பெட்டியில் கொடியும் '1904 முதல்' என்ற வரியும் இருந்தால்?

#17 சாணைக்கல்

கொடி படம், தம்பி. 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று மொட்டையாகப் போட வேண்டுமென்றால் முழுவதும் அல்லது ஏறக்குறைய முழுவதும் அங்கேயே செய்திருக்க வேண்டும் என்பது ஃபெடரல் டிரேட் கமிஷன் வைத்திருக்கும் அளவுகோல். வருஷமும் கழுகும் மட்டும் எங்கே செய்தது என்பதற்குச் சாட்சி ஆகாது. அலகைத் திறந்து டாங்கின் இரண்டு பக்கமும் பாருங்கள். சில நேரம் 'சைனா' பின்பக்கத்தில் கூச்சத்தோடு நிற்கும்.

#18 மூன்றுநதி

எல்லாவற்றையும் படித்துவிட்டு ஐந்தையும் மறுபடி பார்த்தேன். ஒரு கேள்வி, ஒரு வாக்குமூலம்.

கேள்வி: கேஸ் முத்திரையே போலியாக இருக்க முடியுமா?

வாக்குமூலம்: இங்கே எழுதுவதற்கு முன்பே ஹாமர் பிராண்டைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். அம்மா குத்துவிளக்குத் தேய்ப்பது போல. பளபளவென்று வந்தது. மறுநாள் காலையில் மூட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் துரு.

#19 துருவேட்டை

புளி அமிலம் ஐயா. விளக்குக்கு எஃகு மூட்டு கிடையாது.

நல்ல நீரில் அலசி, முடி உலர்த்தும் மெஷினால் சூடு அதிகமில்லாமல் உலர்த்தி, மூட்டில் எண்ணெய் விட்டு, இருபது தடவை திறந்து மூடுங்கள். கறுப்பாக ஒழுகும். அது நிற்கும்வரை துடையுங்கள். மற்ற நான்கையும் தேய்க்காதீர்கள். பழைய கத்தியில் அந்தக் கருநீலப் படலம்தான் துருவைத் தடுக்கிறது. வாங்குகிறவர்களும் அதைத்தான் பார்ப்பார்கள். மோட்டாரில் சுற்றும் பஃப் சக்கரத்தைக் காட்டினால் முத்திரையே மழுங்கிவிடும்.

#20 சாணைக்கல்

புளிக்குச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள்.

போலி முத்திரை உண்டு. எனக்கே நடந்தது. பல வருஷம் முன்பு ஒரு கத்திச் சந்தையில் 'கேஸ் டெஸ்டட்' என்று 240 டாலர் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து விளக்கடியில் பார்த்தால் டாங் மட்டும் மற்ற அலகுகளைவிட மெல்லியதாக இருந்தது. ஏதோ மலிவுக் கத்தியின் முத்திரையைத் தேய்த்து எடுத்துவிட்டு மேலே புதிதாக அடித்திருக்கிறார்கள். எழுத்தின் ஓரம் நேற்று வெட்டிய மாதிரி கூர்மை, சுற்றிலும் உலோகம் எண்பது வருஷக் கிழம். விற்றவரைத் தேடிப் போனேன், மேசையே இல்லை. அந்தக் கத்தியை இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் நடத்த உதவுகிறது, 240 டாலர் பாடப்புத்தகம்.

அதனால் கேஸில் எழுத்து, எண், பிடி, அலகின் வடிவம் நான்கும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். உங்களுடையது 1973 மஞ்சள் 3318. ஏமாற்ற நினைக்கிறவன் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டான், அதிகம் கிடைக்கும் கத்தி. பயமில்லை.

நீங்கள் செய்ய வேண்டிய சோதனை இது. கத்தியை மூடி, ஜன்னல் பக்கம் தூக்கி, ஸ்பிரிங்குக்கும் பித்தளைத் தகட்டுக்கும் நடுவில் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். அலகைத் திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பூணில் ரிவெட் வட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். நன்றாக முடித்த கத்தியில் அது கலந்து மறைந்திருக்கும். பிறகு காதருகே வைத்துத் திறந்து மூடுங்கள். நல்ல கத்தி நடக்கும், பேசும் என்பார்கள். கிழவி கதவைச் சாத்துவது போல முனகக் கூடாது, தாழ்ப்பாள் விழுகிற மாதிரி சொல்லிவிட வேண்டும்.

கடைசியாகத் தேய்மானம். மூடியிருக்கும்போது அலகின் நுனி தகட்டுக்குள் ஆழமாகப் போய்விட்டதா? நகக்குழியிலிருந்து கூர் வரை எவ்வளவு உலோகம் மிச்சம்? படத்தில் உங்கள் 8ஓடி மெலிந்த மாதிரி தெரிகிறது.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். விலை அதிகமுள்ள புதிய அமெரிக்கக் கத்தி ஒன்று வாங்கினேன், கம்பெனி பெயர் வேண்டாம். வெளிச்சம் கதவிடுக்கு மாதிரி வந்தது. திருப்பி அனுப்பினேன். நியூஜெர்சிக்காரன் தம்பியின் 15 டாலர் கத்தி இந்தச் சோதனையில் அதை ஜெயித்திருக்கும்.

#21 நியூஜெர்சிக்காரன்

இந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன்.

#22 கரிசல்வெயில்

டைட்டஸ்வில், டைட்டஸ்வில் என்கிறீர்களே, எண்ணெய்க் கிணறு தோண்டிய ஊர்தானே அது?

#23 கொல்லன்பட்டறை

அதேதான். 1859இல் டிரேக் எண்ணெய் எடுத்த இடம். அந்த ஊருக்கு குவீன் சிட்டி என்று செல்லப்பெயர், அதிலிருந்து வந்ததுதான் குவீன் கத்தி. 1922இல் தொடங்கி 2018 வரை ஓடியது. கிரேட் ஈஸ்டர்ன் 2006இல் அதே ஊரில் ஆரம்பித்தார்கள், பழைய முறையில் செய்கிறார்கள். அவர்கள் கத்தியில் ஆண்டு கண்டுபிடிக்கப் புள்ளி எண்ண வேண்டாம். 152118 என்று இருந்தால் 15 அச்சு எண், 2 பூண் வகை, 1 ஒரே அலகு, கடைசி 18 என்பது 2018.

#24 நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. விற்பனை விலை கேட்டுத் தனிமடலில் வருகிறவர்களுக்கு: இங்கே விலை மதிப்பீடு கிடையாது.

#25 மூன்றுநதி

ஜன்னல் சோதனை செய்தேன். மனைவியும் கூட வந்து பார்த்தாள், அதுவே பெரிய முன்னேற்றம்.

கேஸ்: வெளிச்சம் வரவில்லை. நடு அலகு மட்டும் துளி ஆடுகிறது. தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது.

நான்காவது, ராணுவக் கத்தி: சண்டைக்குப் போய் வந்தது போல் கீறல், ஆனால் எல்லாம் இறுக்கம். 1968 என்று அவர்களே அடித்துவிட்டதால் ஆராய்ச்சிக்கு வேலையில்லை.

ஹாமர் பிராண்ட்: கறுப்பு ஒழுகி நின்றது. சுமாராகப் பேசுகிறது.

8ஓடியைத்தான் அதிக நேரம் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, அண்ணா. பெரிய அலகு தீட்டித் தீட்டிப் பாதியாகியிருக்கிறது, நகக்குழி கூருக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. இரண்டாவது, அந்த ஆட்டுக்குளம்பு மாதிரி நேர்வாய் அலகு, ஓரளவு தேய்ந்திருக்கிறது. மூன்றாவது, மழுங்கிய நுனி அலகு, அப்படியே புதிது. கடையில் வாங்கின நாளின் மெருகு.

#26 சாணைக்கல்

மூன்றாவதற்கு ஸ்பே என்று பெயர். கன்றுக்கும் ஆட்டுக்கும் காயடிக்க வைத்தது, நுனி குத்திவிடாமல் இருக்க மழுங்கல். உங்கள் பெரியவரிடம் மாடு இல்லை என்று தெரிகிறது. நேர்வாய் அலகு கயிறு, அட்டை வெட்ட. பெரிய அலகு எல்லாவற்றுக்கும். தினமும் பையில் இருந்த கத்தி அதுதான். கேஸை அவர் வெளியே எடுத்திருக்கவே மாட்டார்.

சேகரிப்பவனிடம் காட்டினால் அந்த 8ஓடிக்கு ஐந்து டாலர்கூடத் தர மாட்டான். எஃகு இன்னும் நல்ல எஃகுதான், அந்தக் கால ஓல்ட் டைமரில் 1095 போட்டார்கள்.

#27 மூன்றுநதி

அவர் மகனுக்கு போன் செய்து கேட்கலாமா என்று யோசித்தேன். வேண்டுமானால் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லத்தான். செய்தேன். அவர் சிரித்துவிட்டு, அப்பா அதில் ஆப்பிள்தான் வெட்டுவார், நீங்களும் வெட்டுங்கள் என்றார். இப்போது என் பையில் இருக்கிறது. நேற்று ஆப்பிள் வெட்டினேன், கூர் போதவில்லை, தீட்டக் கல் வாங்க வேண்டும்.

ஐந்தாவது இன்னும் பால்கனியில்தான். அதை என்ன செய்ய?

#28 துருவேட்டை

பால்கனியிலேயே இருக்கட்டும்.

#29 ராச்செஸ்டர்மல்லி

எங்களுடையதும் இன்றிலிருந்து பால்கனியில்தான். உறை மட்டும் பீரோவில்.